அழைக்காமல் போக வேண்டிய வீடு

மாதம் முதலாம் தேதி காலையில் நான் வேலைக்குப் போகக் காரை எடுக்கும்போது, பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் ஒரு நரைத்த தலை எழும்பி, "கலோ மீனா, பாலா" என்று சொல்லும். லிட்கம் என்ற இந்தப் புறநகருக்கு வீடு மாறி வந்த புதிதில் இதைக் கேட்ட என் மனைவி வசந்தி, "ஆரப்பா அந்த மீனா?" என்று விசாரித்தாள். நல்ல மாதமாக இருக்கட்டும் என்று கிரேக்க மொழியில் வாழ்த்துகிறாராம். வருடப் பிறப்புக்கு வாழ்த்துவது நமக்குத் தெரியும். சும்மா ஒரு செப்டெம்பர் முடிந்து ஒக்டோபர் வந்ததற்காக ஒரு மனிதர் மினக்கெட்டு வேலியடிக்கு வந்து வாழ்த்துவாரா? எனக்கு மாதம் பிறந்தால் வேலைநேரம் போட்ட புது ரோஸ்டர் தாள் வரும், அவ்வளவுதான். ஆனாலும் ஐந்தாறு மாதத்தில் நானும் திருப்பிச் சொல்லப் பழகிவிட்டேன். சொல்லிவிட்டுக் காரில் ஏறினால், வேலைக்குப் போகிற அலுப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும்.

அவர் பெயர் கொஸ்தா. எண்பதைத் தொட்டுக்கொண்டிருப்பவர். இருபது வயதில் கிரேக்கத்து மலைக் கிராமம் ஒன்றிலிருந்து கப்பலில் வந்து, தொழிற்சாலைகளில் உழைத்து, இந்தச் செங்கல் வீட்டைக் கட்டியவர். மனைவி எளேனி. நாங்கள் குடிவந்த மூன்றாம் நாளே எளேனி வேலிக்கு மேலால் ஒரு தட்டு நிறைய முறுக்கிச் சுட்ட பிஸ்கட் நீட்டினார். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்று வசந்தி அதில் தட்டைவடை போட்டுக் கொடுத்தாள். பிறகு அந்தத் தட்டு யாருடையது என்பதே மறந்துபோகும் அளவுக்கு இங்கும் அங்கும் போய்வந்தது. இந்த நாட்டில் ஒரு வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போவதென்றாலும் மூன்று கிழமைக்கு முன்னர் நாள் கேட்டு, மெசேஜ் போட்டு, முதல் நாள் இன்னொருமுறை உறுதிசெய்து போகவேண்டும். அப்படி ஒன்றும் இல்லாமல் எங்கள் வீட்டுக்குள் வந்துபோன ஒரே பொருள் அந்தத் தட்டுத்தான்.

நான் ஆஸ்பத்திரியில் வார்ட்ஸ்மன். நோயாளிகளைக் கட்டிலோடு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவது என் வேலை. ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்று சொன்னால் இப்போது எனக்கே நம்பிக்கை வருவதில்லை. பின்னேரம் வீடு வந்தால் முழங்கால் இரண்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கியவை போல இருக்கும். அப்போது வேலியடியில் நின்று கொஸ்தா எனக்குச் சொற்கள் தருவார். ரோஸ்டர் தாளின் பின்பக்கத்தில் அவற்றை எழுதிவைத்தேன். பெரியவர் ஏதோ பாடம் நடத்தினார் என்று நினைக்கவேண்டாம்; வேலைவெட்டி இல்லாத மனிதர், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். 

ஒருவர் புதுச் சட்டை போட்டாலும் தலைமயிர் வெட்டினாலும் "மே யா" என்று சொல்லவேண்டுமாம். சுகத்தோடு அனுபவி என்று பொருள். கடையில் இன்னொருவரின் கோப்பிக்கும் சேர்த்து நீயே கொடுத்துவிட்டால் அது "கேரஸ்மா". "த்ரபேசி" என்றால் மேசை, மேசையில் போடும் விருந்தும் அதுதான். பாட்டும் ஆட்டமுமாக விருந்து நீண்டுபோனால் "க்லெந்தி". ஆட்டத்தின் நடுவில் மனிதனுக்குள் ஏதோ ஒன்று கிளம்பி, கவலையை மறந்து கையை விரித்து எழும்புகிறானே, அது "கேஃபி". அதற்கு நமக்கு என்ன சொல் என்று கேட்டார். நான் நிறைய யோசித்து, "எங்களுக்கு உது வாறது குறைவு" என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். வந்தவரை வீட்டுக்காரர் "கலோஸ் இர்த்தாதே", நல்லபடி வந்தீர்கள் என்று வரவேற்க, வந்தவர் "நல்லபடி உங்களைக் கண்டேன்" என்று பதில் சொல்வாராம். எல்லாவற்றுக்கும் மேலே "ஃபிலொக்ஸெனியா". அந்நியன்மேல் வைக்கும் அன்பு. அதைச் சொல்லும்போது மட்டும் கொஸ்தா குரலைத் தாழ்த்துவார். விருந்தோம்பல் என்று எங்களுக்கும் ஒன்று இருக்கிறது என்று நானும் விட்டுக்கொடுக்காமல் சொன்னேன். "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்றும் எங்களிடம் ஒரு சொல் உண்டு என்பதை மறைத்துவிட்டேன்.

அடுத்த மே மாதம் எளேனி ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஜூலையில் இறந்துபோனார். செய்தியை எனக்குச் சொன்னவர் எதிர்வீட்டுக்கு வந்த தபால்காரர். நானும் வசந்தியும் போட்ட உடுப்போடு உடனே போனோம். நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்குக் கேட்டவுடன் போ என்றுதானே நம்மை வளர்த்திருக்கிறார்கள். மகன் பெர்த்திலிருந்து வந்து சேர அடுத்தநாள் ஆகும். கிழவர் தனியாகக் கதிரையில் இருந்தார். வசந்தி அவருடைய குசினிக்குள் நேரே போய்க் கோப்பி போட்டாள். எந்த டப்பாவில் சீனி என்று எப்படித்தான் கண்டுபிடித்தாளோ. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்ற நினைப்பில் எங்கள் வீட்டிலிருந்து பாணும் பருப்பும் கொண்டுவந்து கொடுத்தோம். வந்துபோனவர்களுக்கெல்லாம் இரண்டு நாளாகக் கோப்பை கழுவினோம். நாற்பதாம் நாள் கொஸ்தா ஒரு சின்னக் கடதாசிப் பையில், அவித்த கோதுமையும் சீனியும் பாதாமும் கலந்து தேவாலயத்தில் கொடுத்ததை எங்களுக்குக் கொண்டுவந்து தந்தார். "ஒருவரும் கூப்பிடாமல் வந்தீர்கள்," என்றார். அதை நான் நன்றி என்று மட்டும் விளங்கிக்கொண்டேன்.

இங்கே என் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது உங்களுக்கு விளங்காது. என் அக்காவின் கலியாணத்துக்கு அழைக்க அப்பா தன் ஒன்றுவிட்ட தம்பியின் வீட்டுக்குப் போனார். அவரை நாங்கள் சின்னையா என்போம். சின்னையா வீட்டில் இல்லை. அப்பா கலியாண அழைப்புக் காட்டை அவருடைய மனைவியிடம் கொடுத்து, "கட்டாயம் வந்திடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தார். சின்னையா வரவில்லை. "மனிசியிட்டைக் காட்டைக் குடுத்திட்டுப் போட்டார், எனக்கு முகத்துக்கு நேர சொன்னவரே?" என்பது அவருடைய வழக்கு. நான்கு வீடு தள்ளி மேளம் அடிக்க, அவர் தன் வீட்டு யன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். பிறகு பதினொரு வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. இடம்பெயர்ந்து போன இடத்தில் சின்னையா இறந்தார் என்று கேட்டதும், அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பதினெட்டு மைல் மிதித்துப் போனார். அதற்கு ஒருவரும் அழைக்கவில்லை. அழைக்கத் தேவையுமில்லை. இந்தக் கதையை நம் ஊரில் சொன்னால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்; அழைப்பு முறையில் பிழை யாருடையது என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவார்கள்.

எளேனி இறந்ததற்கு அடுத்த மே மாதம் கொஸ்தா வீட்டில் இன்னும் துக்கம். அதற்கும் அடுத்தது, அதாவது போன வருடம் மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை அவர் தேவாலயத்துக்குப் போய்க் கோட்டும் டையுமாகத் திரும்பிவந்தார். நான் புல்லு வெட்டிக்கொண்டிருந்தேன். வேலியடிக்கு வந்து, "சிமெரா யொர்தாசோ" என்றார். இன்று நான் கொண்டாடுகிறேன். கொஸ்தா என்ற பெயருக்கு மூலமான கொன்ஸ்தந்தீன் என்ற புனிதருக்கும் அவருடைய தாய் எளேனிக்கும் ஒரே நாளில்தான் திருநாள். கிரேக்கர்களுக்குப் பிறந்தநாளைவிடப் பெயருக்குரிய புனிதரின் நாள்தான் பெரிது. ஆக, புருஷனுக்கும் பெண்சாதிக்கும் ஒரே நாளில் பெயர்த்திருநாள். ஐம்பது வருடம் சேர்ந்து கொண்டாடியதை இந்த முறை தனியாகக் கொண்டாடுகிறார். நான் புல்லு வெட்டும் இயந்திரத்தை நிறுத்தி, ரோஸ்டர் தாளில் எழுதிப் படித்தபடி, "ஹ்ரோனியா பொலா" என்று திருத்தமாகச் சொன்னேன். பல்லாண்டு வாழ்க. அவருக்கு முகம் மலர்ந்தது. அடுத்த வசனத்துக்காகக் காத்திருந்தேன். பின்னேரம் வா, மனைவியையும் கூட்டிக்கொண்டு வா. அவர் அதைச் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

மத்தியானம் ஆட்டிறைச்சி அடுப்பில் வேகும் வாசம் எங்கள் வீடு முழுக்க வந்தது. நடந்ததை வசந்தியிடம் சொன்னேன்.

"கூப்பிட்டவரே?"

"இல்லை. கொண்டாடுறன் எண்டு மட்டும் சொன்னவர்."

"அப்ப என்னெண்டு போறது? அவையின்ர ஆக்கள் வருவினம். நாங்கள் போய் நிண்டா ஒரு மாதிரி."

செத்தவீட்டில் கோப்பை கழுவ நாங்கள் வேணும், நல்லநாளில் வேண்டாமோ என்று ஒரு சின்னையா எனக்குள்ளும் எழும்பினார். ஆனால் நாங்கள் மரியாதை தெரிந்த சனம். விருந்தாளிகள் வரும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் முற்றத்தில் நின்றால், அழைப்பை எதிர்பார்த்து நிற்பதுபோல இருக்கும், கிழவருக்குத்தான் சங்கடம். ஆகவே நான்கு மணிக்கே முன்பக்கத்துத் திரைச்சீலையை இழுத்து மூடினோம். தொலைக்காட்சிச் சத்தத்தையும் குறைத்துவைத்தோம். அவருக்காக நாங்கள் செய்த உபகாரம் அது. தெருவில் ஒரேயொரு கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது. 

செவ்வாய்க்கிழமை குப்பை எடுக்கும் நாள். கொஸ்தாவின் குப்பைத்தொட்டி மூடியை மூட முடியாதபடி நிறைந்திருந்தது. அலுமினியத் தாளில் சுற்றிய தட்டம் தட்டமாக இறைச்சியும் உருளைக்கிழங்கும். ஒரு துண்டுப் பாணைக்கூட எறியாமல் காயவைத்து வைக்கிற மனிதர். நிறையப் பேரை எதிர்பார்த்திருப்பார், பாவம், ஆட்கள் குறைவாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஜூன் முதலாம் தேதி வேலிக்கு மேலால் தலை எழும்பவில்லை. ஜூலையிலும் இல்லை. நான் காரை எடுக்கும் நேரம் பார்த்து அவர் பின்வளவுக்குப் போய்விடுவார். எங்கள் தட்டு, அல்லது அவர்கள் தட்டு, எங்கள் குசினியில் தங்கிவிட்டது. ஊரைவிட்டு வந்து இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு இங்கே ஒரு சிநேகிதர்தான் வாய்த்தார் என்பது அவர் பேசாமல் விட்ட பிறகுதான் தெரிந்தது. மற்ற எல்லாரும் தெரிந்தவர்கள். மண்டபத்தில் மேசை இலக்கம் போட்டு, வாட்ஸ்அப்பில் காட் அனுப்பி, வருவீர்களா என்று மூன்று தரம் கேட்டு அழைக்கிறவர்கள். நாங்களும் அவர்களை அப்படியே அழைக்கிறவர்கள்.

ஒக்டோபரில் ஒருநாள் எங்கள் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு வண்டி தள்ளும் வூலா என்ற கிரேக்கப் பெண்ணோடு, ஒரு நோயாளியின் கட்டிலைப் பிடித்தபடி லிஃப்டுக்காகக் காத்து நின்றேன். நாளைக்குப் புருஷனின் பெயர்த்திருநாள், வீட்டுக்குப் போய்ச் சமைத்தே சாகவேணும் என்று அலுத்துக்கொண்டாள். எத்தனை பேரை அழைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"ஒருவரையும் இல்லை," என்றாள். "பெயர்த்திருநாளுக்கு யார் அழைப்பார்கள்? கதவைத் திறந்துவைப்போம். அந்தப் பெயர்க்காரனைத் தெரிந்த எல்லாரும் வருவார்கள்."

"வராவிட்டால்?"

"வராவிட்டால், உன்னை அவர்கள் ஒரு ஆளாக எண்ணவில்லை என்று அர்த்தம்."

லிஃப்ட் வந்தது. வூலா வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். நான் ஏறவில்லை. கட்டிலில் கிடந்த நோயாளி, ஏன் நிற்கிறாய் என்று கேட்கும்வரை நின்றேன். அத்தனை சொற்களை எழுதி எழுதிப் படித்தவன், சொல்லே தேவையில்லாத அந்த ஒரு வழக்கத்தை மட்டும் கேட்டு வைக்கவில்லை. ஆட்டிறைச்சியை அடுப்பில் வைத்துவிட்டு, பெண்சாதியின் பெயரும் சேர்ந்த நாளில், அவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நாங்கள் அவர் பார்க்கத் திரைச்சீலையை இழுத்து மூடினோம். பிறகொருநாள் மெல்பேர்னில் படிக்கும் எங்கள் மகளிடம் வசந்தி போனில் இதைச் சொல்ல, அவள் போனை என்னிடம் தரச்சொல்லி, "அப்பா, வை டிட்ன்ட் யூ ஜஸ்ட் ஆஸ்க் ஹிம்?" என்றாள். அவள் பிறந்து வளர்ந்த நாட்டில் நேரே கேட்பது சுலபம்தான்.

வூலா சொன்ன அன்று பின்னேரமே கொஸ்தாவின் கதவைத் தட்டினேன். வலைக்கதவைத் திறக்காமல் உள்ளே நின்றே நான் சொல்வதைக் கேட்டார். எங்கள் முறை இப்படி, நல்ல காரியத்துக்கு அழைக்காமல் போவது இழுக்கு, நீங்கள் அழைப்பீர்கள் என்றுதான் காத்திருந்தோம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.

"எளேனிக்கு வந்தாய்," என்றார். "அப்போது யார் உன்னைக் கூப்பிட்டது?"

"அது கெட்டது. கெட்டதுக்குக் கூப்பிடத் தேவையில்லை."

"ஆக, செத்தவளுக்குத் தானாக வருவாய். உயிரோடு இருக்கிறவன் சந்தோஷமாக இருந்தால் உனக்குக் கடிதம் போடவேணும்."

ஆயிரம் வருடமாக நாங்கள் சரி என்று நினைத்திருந்த ஒன்றை ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி வலைக்கதவுக்குப் பின்னால் நின்று இரண்டு வசனத்தில் போட்டு உடைத்தார். அந்தத் திருநாளன்று காலை பதினொரு மணியிலிருந்து கதிரையில் இருந்தாராம். பாதிரியார் மட்டும் வந்து ஒரு பிராண்டி குடித்துவிட்டுப் போனாராம். பழைய சிநேகிதர்களில் பாதிப் பேர் இறந்துவிட்டார்கள், மீதிப் பேருக்குக் கார் ஓட்ட லைசன்ஸ் இல்லை. "பக்கத்து வீட்டுக்காரர் வருவார்கள் என்று மகனிடம் சொல்லியிருந்தேன்," என்றார். பிறகு, வீட்டை விற்றாயிற்று, மார்ச் மாதம் மகனோடு பெர்த்துக்குப் போகிறேன் என்றார். அடுத்த பெயர்த்திருநாள் மே மாதம். இந்த வீட்டில் இனி அது இல்லை. விட்ட பிழையைத் திருத்த எனக்கு நாள் மிச்சமில்லை. வீட்டுக்கு வந்து வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

எங்களிடம் மிச்சமிருந்தது தைப்பொங்கல். கொஸ்தாவை எங்கள் முறைப்படி அழைப்பதா, அவர் முறைப்படி அழைக்காமல் விடுவதா என்று நானும் வசந்தியும் இரண்டு நாள் வாதாடினோம். "நேர போய்ச் சொல்லுங்கோ, அதுதான் மரியாதை," என்றாள் அவள். அழைத்தால் மறுபடியும் அவரை அந்நியராக வைத்த மாதிரி ஆகும், அவர் மொழியில் அவர் வழக்கப்படியே செய்கிறேன் என்று நான் அடம்பிடித்தேன். பொங்கலன்று லீவு எடுத்தேன். பின்வளவில் காஸ் அடுப்பில் பானை வைத்துப் பொங்கி, படைத்து, காலை எட்டு மணிக்கு வேலியடிக்குப் போய், "சிமெரா யொர்தாசுமே" என்றேன். இன்று நாங்கள் கொண்டாடுகிறோம். கொஸ்தா தலையை ஆட்டினார். "ஹ்ரோனியா பொலா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முன்கதவையும் வலைக்கதவையும் விரியத் திறந்துவைத்தோம். இலையான்தான் வடையில் மொய்க்க வந்தது. ஒன்பது மணி, பத்து மணி. வடை ஆறியது. வசந்தி ஒன்றும் பேசவில்லை, ஆனால் பேசாமல் இருப்பதையே சத்தமாகச் செய்தாள். திறந்த கதவுக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு ஒருவர் வருவாரா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பதினொரு மணிக்கு வசந்தி தபால்பெட்டியைப் பார்க்கிற சாட்டில் வெளியே போய்விட்டு வேகமாகத் திரும்பி வந்தாள்.

"இஞ்சாருங்கோ, பக்கத்து வீட்டு மனிசன் கோட்டுச் சூட்டுப் போட்டுக்கொண்டு வாசலுக்கு உள்ள கதிரையில இருக்குது. மடியில கேக் பெட்டி. கதவும் திறந்து கிடக்கு."

ஓடாத குறையாகப் போனேன். அவர் எழும்பவில்லை. "எட்டு மணியிலிருந்து வெளிக்கிட்டு இருக்கிறேன்," என்றார். "நல்லதுக்கு நேரே வந்து கூப்பிடவேணும் என்று நீதானே சொன்னாய். கூப்பிடாமல் வந்தால் உன் மனைவிக்கு மரியாதைக் குறைவு என்று காத்திருக்கிறேன்."

வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. பெட்டி பெட்டியாகச் சாமான் கட்டி அடுக்கியிருந்த அந்த வீட்டு வாசலில் நின்று, அப்பா கலியாணத்துக்குச் சொல்லப் போகும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல நின்று, தமிழிலேயே சொன்னேன். "கொஸ்தா அண்ணை, இண்டைக்கு எங்கட வீட்டில பொங்கல். நீங்கள் கட்டாயம் வரவேணும்." ஒரு சொல்லும் விளங்காமல் முழுவதையும் கேட்டு முடித்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். எங்கள் வாசலில் வசந்தி "கலோஸ் இர்த்தாதே" என்றாள். எப்போது படித்தாள் என்று தெரியாது. கொஸ்தா பொங்கலை ஒரு வாய் எடுத்துவைத்து, இது எங்கள் அம்மா பாலில் அவிக்கும் அரிசி, கறுவாப்பட்டை மட்டும் குறைகிறது என்றார். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். எளேனியைப் பற்றி நெடுநேரம் பேசினார்.

போகும்போது படியில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தார். "மே மாதம் பெர்த்தில் நான் கொண்டாடுவேன்," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பெர்த்துக்கு விமானத்தில் ஐந்து மணி நேரம். மே மாதத்துக்கு லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆள் பற்றாக்குறை என்று மேலாளர் இன்னும் பதில் தரவில்லை. முழங்காலும் சரியில்லை. நேற்று வசந்தி உடுப்பு மடித்துக்கொண்டே கேட்டாள், "அவர் எங்களை வாங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொன்னவரே?"

"இல்லை."

"பின்னை என்னெண்டு போறது?"

"அவர் கூப்பிடேல்லை, வசந்தி. அதாலதான் போகவேணும்."

அவள் மடித்த சட்டையை மறுபடியும் பிரித்து மடித்தாள். "அப்ப நாளைக்கு ஒருக்கா போன் எடுத்து, வரட்டோ எண்டு கேட்டுப்போட்டுப் போவம்," என்றாள்.